ராத்திரியில் தானாக ஓடும் தறி: என் நாவலின் கடைசி அத்தியாயம் சப்பென்று நிற்கிறது, யோசனை சொல்லுங்கள்

தறிவீட்டுப்பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு அத்தியாயம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதுதான் கடைசி. அதை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் கிழித்துப் போட்டேன். இங்கே வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை குடியாத்தத்தில் நடக்கிறது. நெசவாளர் தெருவில் ஒரு நாட்டு ஓட்டு வீடு, கூடத்தில் ஒரு குழித்தறி. தாத்தா போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. அவர் கடைசியாக ஏற்றிய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், அப்படியே நிற்க, அதன்மேல் அவருடைய பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு புது ஆள் வரப்போகிறது என்றால், மருமகளாகட்டும், பிறக்கப்போகும் குழந்தையாகட்டும், முந்தின ராத்திரி தறிச் சத்தம் கேட்கும். விடிந்ததும் ஆயா மட்டும் போய் வேட்டியை விலக்கிப் பார்ப்பார். ஒரு முழத் துணி நெய்து கிடக்கும். பெரிய மருமகளுக்கு மாங்காய்ப் பச்சையில் கட்டம், கடைக்குட்டி பிறந்தபோது கத்தரிப்பூ நிறம். ஆயா அதை அறுத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். வீட்டில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. "ராத்திரி சத்தம் கேட்டுச்சு. ரெண்டு படி அரிசி சேர்த்து ஊறப் போடு" என்பார் ஆயா. அதோடு சரி.

1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, எங்கள் பக்கத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம் வீட்டின் இரண்டாவது மகன் மறு கல்யாணம் செய்துகொள்கிறார். வருகிற சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியும் வருகிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லோரையும் நோட்டு அட்டையில் மாவட்டத்தின் பெயரைத் திருத்தி எழுதச் சொல்கிறார். இவள் எழுந்து, "என் இனிஷியலையும் திருத்தணுமா டீச்சர்?" என்று கேட்கிறாள். அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின ராத்திரியும் தறி ஓடுகிறது. காலையில் சின்னம்மாவுக்கு ஒரு முழம், சிவப்பும் கருப்பும். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் ராத்திரி திரும்பவும் சத்தம் கேட்கிறது. ஆயா வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடிவிடுகிறார். ஏன் துணி இல்லை என்று எனக்கே தெரியவில்லை. எழுதும்போது அப்படி வந்தது, விட்டுவிட்டேன். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்தப் பெண் ராத்திரியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கடைசி அத்தியாயத்தைக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று வைத்திருக்கிறேன். வைகாசி முதல் தேதி. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு, அதாவது அம்மனின் தலை, புறப்பட்டு வருகிறது, தெருவெல்லாம் சூறைத்தேங்காய். சிரசு எங்கள் தெருவைக் கடக்கும் நேரத்தில் வீட்டுக்குள் தறி தானாக ஓடி, அந்தப் பெண்ணுக்கு எல்லா நிறமும் சேர்ந்த ஒரு துணியை நெய்து தருகிறது. இதைப் படித்த என் தோழி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வீடு அவமேல இரக்கப்பட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு." அந்த வார்த்தை என்னை விடவே இல்லை.

இந்த நாவலில் வில்லன் கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. படித்து முடிப்பவர்களுக்கு மார்கழிக் காலையில் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மாய யதார்த்தம் என்று சொல்கிறார்கள் இல்லையா, அதில் பயமும் ரத்தமும் இல்லாத ஒரு வகை. அது தப்பா? வீட்டு ஆட்கள் யாரும் தறியைப் பார்த்து வியக்காமல் இருப்பது வாசகருக்கு ஒட்டுமா? முக்கியமாக, அந்தப் பெண்ணுக்கு எப்படித் துணி கிடைக்க வேண்டும்?

ஏன் இவ்வளவு தவிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் நானும் அப்படி ஒரு வீட்டுக்கு அம்மாவோடு போனவள். போன வாரத்திலேயே அந்த வீட்டு ஆயா எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, கடையிலேயே பெயர் வெட்டி எடுத்து வந்தார். மற்றப் பிள்ளைகள் தட்டில் எல்லாம் இனிஷியலோடு பெயர் இருக்கும். என் தட்டில் வெறும் பெயர் மட்டும். அது என்னைத் தள்ளி வைத்ததா, இல்லை என் மனசு நோகக்கூடாது என்று செய்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆயா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

பாலாற்றுமணல்:

வணக்கம் மகளே. எனக்குச் சத்துவாச்சாரி. இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு சொலவடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சின்ன வயதில் இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கோட்டைக்குள் அவ்வளவு சிற்பம், அப்படி ஒரு கல்யாண மண்டபம், கருவறை மட்டும் வெறும் இருட்டு. ஜலகண்டேஸ்வரர் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தார். 1981 மார்ச்சில்தான் அவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். ஊரே கோட்டைக்கு ஓடியது. என் அம்மா மட்டும் ஓடவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போறாரு, வெறுங்கையோடவா பாக்கப் போறது?" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பூக்கட்டினார். எனக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. இப்போது நினைத்தால் அம்மா கட்டிய அந்த ஆறு முழம் பூதான் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் 2021 நவம்பரில் பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததே, அப்போதும் பாலத்தின்மேல் நின்று பூவும் மஞ்சளும் குங்குமமும் போட்டவர்களைப் பார்த்தேன். கரையோரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் பாலத்தில் நின்ற பெண்கள் அந்த ஆற்றை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் வராத நாத்தனார் வந்தால் வாசலில் நின்று வரவேற்கிற மாதிரிதான் நின்றார்கள்.

ஆகவே உங்கள் ஆயா அரிசி ஊறப் போடச் சொல்வது நூற்றுக்கு நூறு நம் ஊர்க்காரர் செய்கிற காரியம். வியப்பு இல்லாமல் இல்லை, அது கை வேலையாக மாறிவிடுகிறது. வாசகருக்கு ஒட்டுமா என்று சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு விஷயம். அந்த ஒன்பது வயதுப் பெண் வெளியிலிருந்து வந்தவள். அவள் மட்டும் முதல் நாள் வாயைப் பிளக்கட்டும். எப்போது அவளும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் அரிசியை ஊறப் போடுகிறாளோ, அன்றைக்கு அவள் அந்த வீட்டுப் பெண்.

வெயிலூரான்:

வில்லன் இல்லையே என்று கவலைப்படாதீர்கள் அக்கா. வைகாசி ஒன்று என்றால் அக்னி நட்சத்திரத்தின் நட்டநடு. ஓட்டு வீட்டுக்குள் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன இருக்கும் என்று எழுதினாலே போதும், கதைக்குத் தேவையான கஷ்டம் எல்லாம் அதில் வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். ஆயா வீட்டுச் சாப்பாடு நாவலில் இருக்கட்டும். வேலூர்க் கதை என்றாலே எல்லோரும் ஆம்பூர் பிரியாணியைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். நெசவாளர் வீட்டில் தினம் பிரியாணியா செய்தார்கள்? கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, அவித்த மல்லாட்டை, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். முதல் தடவை அந்த வீட்டில் காய் நறுக்க உட்காரும் சின்னம்மாவின் விரலில் முள் குத்தட்டும். குத்தும், அது தெரியாதவர்களுக்குக் கட்டாயம் குத்தும்.

குழித்தறி:

தங்கச்சி, நான் நெசவாளி மகன். குடியாத்தம்தான். அப்பா கைலி நெய்தார். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனால் பதினைந்து வயது வரை தறிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

"ஏன் துணி இல்லை என்று எனக்கே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். பாவு தீர்ந்துபோயிருக்கும்.

தறி தானாக ஓடட்டும். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா தானாகப் போய் வரட்டும். கட்டம் விழ வேண்டும் என்றால் ஊடையில், அந்தக் குறுக்கு நூலில், நிறம் மாற வேண்டும், அதையும் தாத்தாவே வந்து மாற்றட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாவு என்பது அளந்து ஏற்றுகிற பொருள். இவ்வளவு நீளம் என்று கணக்கு உண்டு. தாத்தா ஏற்றியது ஒரே ஒரு பாவு. மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒரு முழம் எடுத்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் முடியத்தானே செய்யும்? கடைசி முழம் சின்னம்மாவுக்குப் போய்விட்டது. மறுநாள் ராத்திரி அந்தப் பெண்ணுக்காகத் தறி ஓடித்தான் பார்த்திருக்கிறது. நூல் இல்லாமல் என்ன செய்யும்?

இது உங்கள் ஆயாவுக்குத் தெரியும். வேட்டியை விலக்கிப் பார்த்தவர் அவர்தானே. நெசவு வீட்டுப் பெண்மணிக்குத் தீர்ந்த பாவைப் பார்த்தால் தெரியாதா? அவர் பேசாமல் மூடியதற்குக் காரணம் அந்தப் பெண் இல்லை. புருஷன் ஏற்றிய கடைசிப் பாவு முடிந்துவிட்டது என்று வாயால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அதை அந்தக் குழந்தை தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்காமல் கிடக்கிறது. உங்கள் கதையில் இருக்கிற வலி இதுதான், இதற்கு வில்லன் எதற்கு?

இப்போது பாவு பிணைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பாவு தீர்ந்தால் பழைய நூலை முழுக்க உருவி எறிந்துவிட மாட்டார்கள். அதன் நுனி அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என்று. கைலிப் பாவில் இழை ஆயிரக்கணக்கில் போகும். முதுகு ஒடிந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் செய்வார்கள், ஆறாவது படிக்கும்போதே என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளைகளின் விரல் மெல்லிசு, கண்ணும் கூர்மை.

அந்தப் பெண்ணை அங்கே உட்கார வையுங்கள். ஒரு நாள் அவளே வேட்டியை விலக்கிப் பார்க்கட்டும். தாத்தாவின் நூலில் மிச்சம் இருக்கும் நுனிகளைப் பார்க்கட்டும். ஆயா முதலில் கோபப்படுவார், அழுவார், அப்புறம் ஒரு கிண்ணத்தில் அடுப்புச் சாம்பலை எடுத்து வந்து பக்கத்தில் உட்காருவார். இது ஒரே நாளில் முடியாது. புதுப் பாவுக்கு நூல் வாங்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும், வெயில் ஏறினால் கெட்டுவிடும், அதற்குத் தெரு ஆட்கள் நாலு பேராவது கை கொடுக்க வேண்டும். அந்தத் தெரு மொத்தமும் அவளை அன்றைக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும்: "இந்தப் பக்கம் புடிம்மா!"

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். சிரசு அன்று தறி ஓடக்கூடாது. அன்றைக்கு ஊரில் எந்தத் தறியும் ஓடாது, எல்லோரும் தெருவில் நிற்போம். அது எங்களுக்கு வேண்டுதல், நாவலுக்கு மேளம் அடிக்க வருகிற பொருள் இல்லை. அதை அமைதியாக வையுங்கள். வெட்டுப்பட்ட தலையை அவசரத்தில் வேறு உடம்போடு சேர்த்துவிட்டார் பரசுராமர் என்பதுதானே ரேணுகை கதை. கோபாலபுரத்தில் சிரசை உடம்பில் பொருத்திக் கண் திறக்கிற நேரத்தில் சின்னம்மா கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தால் போதும். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மாடிவீட்டம்மா:

நான் வேலூரில் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வைத்தியத்துக்கு வருகிறவர்களின் குடும்பங்கள் தங்கும். முக்கால்வாசிப் பேர் வங்காளத்திலிருந்து வருகிறவர்கள், அசாம் ஆட்களும் உண்டு. இங்கே பக்கத்துத் தெருக்களில் வங்காள எழுத்தில்தான் பாதிப் பலகை இருக்கும். பத்து நாள் என்று வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். தாங்களே சமைத்துக்கொள்வார்கள்.

இதமான கதை தப்பா என்று கேட்டீர்கள். தப்பே இல்லை அம்மா. என் மாடியில் இருக்கிறவர்கள் ராத்திரி போனில் அந்த மாதிரிக் கதைதான் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள். பகலெல்லாம் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனையுமாக அலைந்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறு எது உள்ளே இறங்கும்? ஆனால் உங்கள் கதையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு அப்பா இருந்திருப்பாரே, அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. புது வீட்டில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவரை மறந்துவிடச் செய்யாதீர்கள். அவருடைய சட்டையோ துண்டோ ஏதாவது ஒன்று அவளிடம் இருக்கும்.

எங்கள் வீட்டு அம்மியில் ஒரு அம்மா தினமும் மீனுக்குக் கடுகு அரைப்பார். தன் மகனுக்காக வந்தவர். நான்கு மாதம் இருந்தார். அவர்கள் போய் ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது. இன்றைக்கும் மழை நாளில் அந்த அம்மியில் தண்ணீர் பட்டால் கடுகு வாசனை வருகிறது. என் மருமகள் பிரமை என்கிறாள். எனக்கு வருகிறது. அந்த அம்மியை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை.

உங்கள் தட்டு இன்னும் இருந்தால், ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கும்.

தறிவீட்டுப்பேத்தி:

மூன்று நாளாக இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழித்தறி அண்ணா, "பாவு தீர்ந்துபோயிருக்கும்" என்று படித்ததும் சத்தமாக அழுதுவிட்டேன். பதினோரு அத்தியாயம் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. என் ஆயாவைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

சிரசை அத்தியாயத்தின் நடுவுக்கு நகர்த்திவிட்டேன். சின்னம்மா கூட்டத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் பாவு பிணைக்கிறார்கள். மாடிவீட்டம்மா சொன்ன அப்பாவும் வந்துவிட்டார். அவர் கைலி ஒன்றை அந்தப் பெண் தலையணைக்குள் வைத்திருக்கிறாள். புதுப் பாவில் ஓரத்து இழைகள் மட்டும் குறைகின்றன. அவள் போய் அந்தக் கைலியின் கரையிலிருந்து நூலை உருவிக்கொண்டு வருகிறாள். ஆயா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல நூலு. எந்த ஊர் நெசவு?" என்று கேட்கிறார். அவளுடைய அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் யாரோ கேட்கும் முதல் கேள்வி அது. அரிசியை ஊறப் போடுவதும் அவள்தான், பாலாற்றுமணல் ஐயா. முள்ளுக் கத்தரிக்காய் நான்காவது அத்தியாயத்தில் குத்திவிட்டது.

தட்டு அம்மா வீட்டில் இருந்தது. நேற்றுப் போய் எடுத்துப் பார்த்தேன். விளக்கி விளக்கி எழுத்து மங்கிப்போயிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் தட்டில் பெயர் விளிம்பை ஒட்டித் தொடங்குகிறது. என் தட்டில் பெயருக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் காட்டினேன். "கடைக்காரர் கேட்டாராம், என்ன எழுத்து போடணும்னு. அவ பெரியவளாகி அவளே சொல்லட்டும்னு ஆயா சொல்லிட்டு வந்தாங்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

அண்ணா, ஒரு சந்தேகம். கஞ்சி போட்ட பாவு காயும்போது தெருவில் என்ன வாசனை வரும்? புளித்த சோற்று வாசனை மாதிரி எனக்கு ஞாபகம், சரியா என்று தெரியவில்லை. அதை மட்டும் சொல்லுங்கள், முதல் பத்தி அதில்தான் தொடங்குகிறது.

குழித்தறி:

புளிப்பு இருக்கும், ஆனால் அது பின்னால் வரும். முதலில் சூடான வடித்த கஞ்சி வாசனை. அதோடு ஈர நூல் வாசனையும் சேர்ந்திருக்கும், அதற்குப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என் அக்காவைக் கேட்டுவிட்டு இன்னும் சரியாகச் சொல்கிறேன். பாவு பிணைப்பதில் அவள்தான் எங்கள் தெருவிலேயே வேகம்.